இரும்புத் தடத்தில் இரு நினைவுகள்

நுழையும்முன்

வழக்கிலிருந்து மறைந்துபோன பொருள்கள் பல, மக்கள் நினைவில் நெடுங்காலம் வாழ்கின்றன. எனினும், அவை எல்லார் நினைவிலும் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய நீராவித் தொடர்வண்டி, சிலர்க்குக் காணக் காணத் தெவிட்டாத அழகு; வேறு சிலர்க்கு, தந்தையை வீட்டிலிருந்து பிரித்துச் சென்ற வண்டி. இவ்விரு நினைவுகளையும் ஒருசேர அறியும்போதுதான் அதன் வரலாறு முழுமை பெறுகிறது.

குன்றின்மேல் ஒரு காலைப்பொழுது

ஜூன், ஜூலை மாதங்கள் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் குளிர்காலம். அந்நாட்டின் நடுவே விரிந்து கிடக்கும் காரூ என்னும் வறண்ட சமவெளியில், விடியற்காலைப் புல்நுனிகளில் உறைபனி படிந்திருக்கும். 1980களில், அத்தகைய காலைப்பொழுதுகளில், கிம்பர்லிக்கும் டி ஆர் என்னும் சந்திப்பு நிலையத்துக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையோரத்தில் சிலர் நிழற்படக் கருவிகளுடன் நின்றுகொண்டிருப்பர். அவர்களுள் பலர் இங்கிலாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து கடல்கடந்து வந்தவர்கள். தொலைவில் வெண்புகை எழும். குளிர்ந்த, வறண்ட காற்றில் நீராவி பஞ்சுப்பொதியெனத் திரளும். சில நிமிடங்களில் நிலம் அதிர, நீண்ட சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு நீராவி எந்திரம் கடந்து செல்லும்.

அவர்கள் ஏன் அவ்வளவு தொலைவு பயணம் செய்து அங்கு வந்தனர்? அந்த வண்டிகள் ஏன் அங்கு அத்துணைக் காலம் ஓடின? அவ்வண்டிகளில் பயணம் செய்தோர் அவற்றை எவ்வாறு நினைவுகூர்கின்றனர்? இவ்வினாக்களுக்கு விடைகாண, நாம் ஒரு துறைமுகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

துறைமுகத்தில் தொடங்கிய பாதை

1860ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், நேட்டால் குடியேற்றப் பகுதியின் டர்பன் நகரில், துறைமுக முனைக்கும் நகரச் சந்தைத் திடலுக்கும் இடையே முதல் நீராவித் தொடர்வண்டி ஓடியது. அப்பாதையின் நீளம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அதனை இழுத்த சிறிய எந்திரத்தின் பெயரும் ‘நேட்டால்’ என்பதே.

அதே ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் அதே துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 இந்தியர் இருந்தனர். ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குச் சென்ற முதல் குழுவினர் அவர்களே. தமிழ் பேசும் மாவட்டங்களிலிருந்து பின்னரும் பலர் சென்றனர். கரும்புத் தோட்டங்களில் மட்டுமன்றி, நேட்டால் அரசின் இருப்புப்பாதைப் பணிகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் அவர்கள் உழைத்தனர். தென்னாப்பிரிக்க இருப்புப்பாதையின் வரலாறும் அங்குக் குடியேறிய தமிழரின் வரலாறும் ஒரே ஆண்டில், ஒரே துறைமுகத்தில் தொடங்கியவை.

வைரமும் தங்கமும் வகுத்த வழி

மேற்கே, கேப் டவுனிலிருந்து வெலிங்டன் நகர்வரையிலான பாதை 1863இல் நிறைவுற்றது. அதற்கப்பால் மலைத்தொடர்கள் குறுக்கிட்டன. அவற்றைக் கடந்தால் மக்கள் செறிவற்ற வறண்ட நிலம். அங்கே பெரும்பொருள் செலவிட்டுப் பாதை அமைப்பதற்கு வலுவான காரணம் எதுவும் அப்போது இருக்கவில்லை. கிம்பர்லிப் பகுதியில் வைரம் கண்டெடுக்கப்பட்டபின் நிலைமை மாறியது. மலைகளை வளைந்து வளைந்து கடக்கவும் செலவைக் குறைக்கவும் 1,067 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையைக் கேப் அரசு 1873இல் தேர்ந்தெடுத்தது. ‘கேப் அகலப் பாதை’ எனப் பெயர்பெற்ற இவ்வளவே, பின்னர் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதும் பரவியது.

இருப்புப்பாதை 1885இல் கிம்பர்லியை அடைந்தது. அடுத்த ஆண்டே விட்வாட்டர்ஸ்ரான்ட் மலைமுகட்டில் தங்கம் இருப்பது வெளிப்பட்டது. ஜோகன்னஸ்பர்க் நகரம் உருவாயிற்று. கேப் டவுனிலிருந்து வந்த பாதை 1892இல் அந்நகரை எட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் மொசாம்பிக் கடற்கரையிலிருந்தும் டர்பனிலிருந்தும் பாதைகள் தங்க வயல்களை நோக்கி வந்தன. துறைமுகங்கள் மூன்றும் ஒரே தங்கத்துக்காகப் போட்டியிட்டன எனலாம்.

வடக்கே பாதை புலவாயோவை 1897இல் அடைந்தது. சாம்பசி ஆற்றின்மீது, விக்டோரியா அருவிக்கு அருகே, நீர்மட்டத்திலிருந்து 128 மீட்டர் உயரத்தில் அமைந்த எஃகு வளைவுப் பாலம் 1905இல் திறக்கப்பட்டது. கேப் டவுனிலிருந்து கெய்ரோவரை இருப்புப்பாதை அமைக்க வேண்டும் என்பது செசில் ரோட்ஸ் என்னும் பேரரசுவாதியின் கனவு. அப்பாலத்தைக் காணும் முன்னரே, 1902இல் அவர் மறைந்தார். அப்பாதையும் கெய்ரோவை எட்டவில்லை.

1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது, தனித்தனியே இயங்கிய அரசு இருப்புப்பாதைகள் ‘தென்னாப்பிரிக்க இருப்புப்பாதை’ என்னும் ஒரே அமைப்பாயின.

வளைவுக்கு ஏற்ற எந்திரம்

நீராவி எந்திரத்தின் அடிப்படை எளிது. எரியறையில் நிலக்கரி எரிகிறது. அதன் வெப்பக் காற்று கொதிகலனிலுள்ள குழாய்களின் வழியே சென்று, சுற்றியுள்ள நீரை ஆவியாக்குகிறது. அழுத்தம் மிகுந்த அந்த ஆவி, உருளைக்குள் புகுந்து உந்துதண்டை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அத்தண்டு சக்கரங்களைச் சுழற்றுகிறது. வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியாக வெளியேறும்போது, எரியறையிலிருந்து புகையை இழுத்துக்கொண்டு செல்கிறது. அதனால் புதிய காற்று நெருப்புக்குள் பாய்கிறது. வண்டி எவ்வளவு கடுமையாக உழைக்கிறதோ, நெருப்பும் அவ்வளவு வேகமாக எரியும். நாம் கேட்கும் ‘குப் குப்’ என்னும் ஓசை, ஆவியின் அந்த வெளிமூச்சே ஆகும்.

மிகுந்த இழுவிசை வேண்டுமெனில் பெரிய கொதிகலன் வேண்டும். பெரிய கொதிகலன் நீளமானது, எடை மிகுந்தது. குறுகிய அகலமும் கூரிய வளைவுகளும் மெல்லிய தண்டவாளங்களும் கொண்ட மலைப்பாதையில் அத்தகைய எந்திரம் எவ்வாறு செல்லும்? இச்சிக்கலுக்கு ஹெர்பர்ட் வில்லியம் காரட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் தீர்வு கண்டார். 1907இல் அதன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் எந்திரத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். முன்னும் பின்னும் உருளைகளுடனும் சக்கரங்களுடனும் கூடிய இரு தனி வண்டிகள். அவற்றின் நடுவே, இரு தூண்களுக்கு இடையே தொங்கும் தூளிபோல, கொதிகலன். இரு வண்டிகளும் தத்தம் அச்சில் திரும்புவதால் நீண்ட எந்திரமும் வளைவில் எளிதாகச் செல்லும். கொதிகலனுக்கு அடியில் சக்கரங்கள் இல்லாமையால் எரியறையை ஆழமாகவும் அகலமாகவும் அமைக்கலாம். எடையும் பல அச்சுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும்.

மான்செஸ்டரில் இருந்த பேயர் பீகாக் நிறுவனம் காரட் எந்திரங்களைக் கட்டுவதில் புகழ்பெற்றது. அவற்றை ஆப்பிரிக்காவின் தென்பகுதி பெரிதும் வரவேற்றது. இரண்டடி அகலமே கொண்ட சிறு பாதைகளுக்கும் சிறிய காரட் எந்திரங்கள் கட்டப்பட்டன. உலகில் கடைசியாகக் கட்டப்பட்ட காரட் எந்திரங்கள், 1967–68இல் தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் நகரிலேயே உருவாயின.

நீரற்ற நிலத்தில் நீராவி

காரூ சமவெளியில் சிக்கல் வேறு வகையானது. நீராவி எந்திரத்துக்கு நெருப்பைக் காட்டிலும் நீர் மிகுதியாக வேண்டும். மழை அரிதாகவே பெய்யும் அந்நிலத்தில், வழியெங்கும் எந்திரங்களுக்கு நீர் வழங்குவது பெரும்பாடாக இருந்தது. இதற்காக, 1953 முதல் 1955வரை ‘25ஆம் வகை’ எனப்படும் 90 எந்திரங்கள் தருவிக்கப்பட்டன. இவற்றில் வேலை முடிந்த ஆவி வெளியே விடப்படவில்லை. எந்திரத்தின் பின்னே இணைக்கப்பட்ட கரி–நீர் வண்டிக்கு அது குழாய் வழியே சென்றது. அங்கே பெரிய விசிறிகள் அதனைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கின. அந்நீர் கொதிகலனுக்கே திரும்பியது. இதனால் நீர்ச்செலவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. குளிர்விக்கும் கருவிகளைச் சுமந்த அந்தப் பின்வண்டி, எந்திரத்தைக் காட்டிலும் நீளமாக இருந்தது.

ஆவி புகைபோக்கி வழியே செல்லாததால், நெருப்புக்குக் காற்றை இழுக்கத் தனி விசிறி தேவைப்பட்டது. எனவே, அந்த எந்திரங்கள் ‘குப் குப்’ என ஒலிக்கவில்லை. விசில்போல நீண்டு ஒலித்தன. நுட்பம் மிகுந்த அக்கருவிகளைப் பழுது பார்ப்பதோ கடினம். எனவே, 1970களில் அவற்றுட் பெரும்பாலானவை சாதாரண எந்திரங்களாக மாற்றப்பட்டன. குளிர்விப்பான்கள் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் நீண்ட உருண்டையான நீர்த்தொட்டி பொருத்தப்பட்டது. குட்டைக்கால்களும் நீண்ட உடலும் கொண்ட ஒருவகை நாயின் ஆப்பிரிக்கான்ஸ் மொழிப் பெயரால், அவ்வண்டிகளை ‘வோர்சோண்ட்’ என்று அழைத்தனர்.

தெரியுமா?

டேவிட் வார்டேல் என்னும் பொறியாளர், 25ஆம் வகையைச் சேர்ந்த ஓர் எந்திரத்தை 1981இல் கேப் டவுன் பணிமனையில் மாற்றியமைத்தார். அர்ஜென்டினாவின் லிவியோ தாந்தே போர்ட்டா வகுத்த எரிப்பு முறையை அவர் அதில் கையாண்டார். நிலக்கரியும் நீரும் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாக மிச்சமாயின, ஆற்றலும் கூடியது. சிவப்பு வண்ணம் பூசப்பட்ட அவ்வெந்திரத்தைச் ‘செம்பூதம்’ என்னும் பொருளில் ‘ரெட் டெவில்’ என அழைத்தனர். உலகம் நீராவியைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் நிகழ்ந்த ஆய்வு இது.

கடைசிப் புகலிடம்

இங்கிலாந்தின் தேசிய இருப்புப்பாதையில் நீராவி எந்திரங்களின் பணி 1968இல் முடிவுற்றது. மேற்கு ஜெர்மனியில் 1977இல் முடிவுற்றது. தென்னாப்பிரிக்காவில் அது தொடர்ந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. அந்நாட்டில் நிலக்கரி மிகுதி. எண்ணெய் வளம் அரிது. 1970களில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. நிறவெறி அரசுக்கு எண்ணெய் விற்கப் பல நாடுகள் மறுத்தன. எனவே, டீசலுக்கு முழுமையாக மாறத் தயக்கம் நிலவியது. அண்டை நாடான ஜிம்பாப்வேயிலும் இதே நிலை. 1980களின் தொடக்கத்தில் அது தன் பழைய காரட் எந்திரங்களைப் புதுப்பித்து, ஹ்வாங்கே சுரங்கத்தின் நிலக்கரியால் ஓட்டியது.

இதனால், உலகெங்குமிருந்த நீராவி ஆர்வலர்க்கு இப்பகுதி ஒரு புகலிடமாயிற்று. அவர்கள் கால அட்டவணைகளை மனப்பாடமாக அறிந்திருந்தனர். ஏற்றமான வளைவுகளில், வண்டி கடுமையாக உழைத்துப் புகை கக்கும் இடங்களில், விடியும் முன்பே காத்திருந்தனர். ஒருமுறை படமெடுத்ததும் மகிழுந்தில் ஏறி, வண்டியை முந்திச் சென்று அடுத்த வளைவில் மீண்டும் நின்றனர். ஓசையை ஒலிநாடாவில் பதிவு செய்தவரும் உளர். ஒவ்வோர் எந்திரத்தின் எண், கட்டப்பட்ட ஆண்டு, பணிபுரிந்த ஊர் ஆகியவற்றைக் குறித்துவைத்தனர். ஏ. ஈ. டுரன்ட், ஓ. எஸ். நாக் போன்றோர் இவ்வண்டிகளைப் பற்றி நூல்கள் எழுதினர். இன்று நமக்குக் கிடைக்கும் படங்களிலும் விவரங்களிலும் பெரும்பகுதி, இத்தகையோர் ஊதியம் கருதாது திரட்டியவை.

கிம்பர்லி–டி ஆர் தடத்தில் ஓடிய எந்திரங்கள் குறிப்பிட்ட ஓட்டுநரின் பொறுப்பில் இருந்தன. அவர்கள் பித்தளைப் பகுதிகளைத் துலக்கி, தம் மனைவியர் பெயர்களையும் அவற்றுக்குச் சூட்டினர். 1990களின் தொடக்கத்தில், மின்சார எந்திரங்களும் டீசல் எந்திரங்களும் முதன்மைப் பாதைகளிலிருந்து நீராவியை அகற்றிவிட்டன.

மற்றொரு நினைவு

குன்றின்மேல் நின்றவரின் நினைவு இது. வண்டிக்குள் அமர்ந்திருந்தவரின் நினைவு எத்தகையது?

1893ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் இரவு, முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த இளம் வழக்கறிஞர் ஒருவர், தம் நிறத்தின் பொருட்டுப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டார். அவரே காந்தியடிகள். குளிரில் நடுங்கியவாறு அவர் காத்திருந்த அந்த இரவு, அவர் வாழ்வின் திசையை மாற்றியது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1913இல், டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் நேட்டாலின் நியூகாசில் நகர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைச் சந்தித்து வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். தம்பி நாயுடு அவர்களுக்குத் துணைநின்றார். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றதும் இதே போராட்டத்தில்தான். நீராவி எந்திரங்களுக்கு உணவான நிலக்கரியை வெட்டியெடுத்த கைகளே, அன்று உரிமைக்காக உயர்ந்தன.

கருப்பின மக்களின் நினைவு இன்னும் ஆழமான துயரம் கொண்டது. தங்கச் சுரங்கங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மொசாம்பிக், மலாவி, லெசோத்தோ முதலிய நிலங்களிலிருந்து ஆண்கள் ஒப்பந்த அடிப்படையில் தொடர்வண்டிகளில் கொண்டுவரப்பட்டனர். குடும்பத்தை உடன் அழைத்துவர அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அதே வண்டி அவர்களைத் திருப்பி அனுப்பியது. நோயுற்றவரும் உறுப்பிழந்தவரும் அவ்வாறே திரும்பினர். மொசாம்பிக் தொழிலாளரைச் சுமந்த இவ்வண்டிகளின் வரலாற்றைச் சார்ல்ஸ் வான் ஆன்செலன் என்னும் வரலாற்றறிஞர் ‘இரவு வண்டிகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் 2019இல் நூலாக வெளியிட்டார்.

‘ஸ்டீமர்’ என்னும் ஆங்கிலச் சொல், சூலு முதலிய மொழிகளில் ‘இசிடிமெலா’ எனத் திரிந்து தொடர்வண்டியைக் குறிக்கிறது. அச்சொல்லின் சுருக்கமான ‘ஸ்டிமெலா’ என்பதையே தலைப்பாகக் கொண்டு, புகழ்பெற்ற எக்காளக் கலைஞர் ஹியூ மசெக்கெலா 1974இல் ஒரு பாடலை வெளியிட்டார். பல நாடுகளிலிருந்து சுரங்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளரின் துயரமே அதன் பொருள். பாடலின் நடுவே எந்திரத்தின் ஓசையைத் தம் குரலாலேயே எழுப்புவார் அவர். மசெக்கெலா பிறந்த ஊரான விட்பேங்க், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்தது. இன்று அதன் பெயர் ‘நிலக்கரியின் இடம்’ எனப் பொருள்படும் இமலாலெனி. அதே ஓசையை ஒருவர் அழகுக்காக ஒலிநாடாவில் பதிந்தார். மற்றொருவர் துயரத்துக்காகத் தொண்டையில் ஏந்தினார்.

பணியிடத்திலும் வேறுபாடு நிலவியது. 1924க்குப் பின் அரசு பின்பற்றிய கொள்கையால், இருப்புப்பாதையில் வெள்ளையர்க்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. நிறவெறிக் காலத்தில் ஓட்டுநர் இருக்கை வெள்ளையர்க்கே உரியதாயிற்று. தண்டவாளம் பதித்தல், சாம்பல் அகற்றுதல், எந்திரம் துடைத்தல் ஆகியன கருப்பினத்தாரின் வேலைகள். படங்களில் பளபளக்கும் பித்தளைக்குப் பின்னே, பெயர் குறிக்கப்படாத பலருடைய உழைப்பும் இருக்கிறது.

காப்பதும் கற்பதும்

இன்று தென்னாப்பிரிக்காவில் தன்னார்வலர் சிலர் பழைய எந்திரங்களைப் பேணுகின்றனர். டர்பனுக்கு அருகே உம்கேனி நீராவி இருப்புப்பாதை, பிரிட்டோரியாவில் ‘பிரண்ட்ஸ் ஆஃப் தி ரெயில்’, ஜெர்மிஸ்டனில் ‘ரீஃப்ஸ்டீமர்ஸ்’ ஆகிய அமைப்புகள் குறிப்பிடத்தக்கவை. ஃபிக்ஸ்பர்க் நகருக்கு அருகே, லெசோத்தோ எல்லையோரமாகச் ‘சாண்ட்ஸ்டோன்’ பண்ணையில் இரண்டடிப் பாதை எந்திரங்கள் காக்கப்படுகின்றன. புலவாயோவிலும் லிவிங்ஸ்டனிலும் இருப்புப்பாதை அருங்காட்சியகங்கள் உள்ளன.

இப்பணி எளிதன்று. கொதிகலன் அழுத்தத்தில் இயங்குவது. சிறு விரிசலும் உயிருக்கு ஊறு செய்யும். எனவே, உரிய காலத்தில் ஆய்வு செய்து, தேய்ந்த குழாய்களை மாற்ற வேண்டும். அக்கலை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். தண்டவாளங்களும் செம்புக் கம்பிகளும் திருடப்படுகின்றன. வறண்ட புல்வெளியில் ஒரு தீப்பொறி காட்டுத்தீயாகலாம். இயற்கையும் துணை செய்வதில்லை. ஜார்ஜ், நைஸ்னா நகர்களிடையே 1928 முதல் கடற்கரையோரமாகச் சென்ற அழகிய பாதை, 2006ஆம் ஆண்டின் பெருமழையாலும் மண்சரிவாலும் மூடப்பட்டது.

எந்திரங்கள் சில கடல் கடந்தும் சென்றுள்ளன. மான்செஸ்டரில் 1958இல் கட்டப்பட்ட கடைசி காரட் எந்திரம், ஆப்பிரிக்காவில் உழைத்து ஓய்ந்தபின், இன்று பிரிட்டனின் வேல்ஸ் மலைப்பாதையில் சுற்றுலாப் பயணியரை ஏற்றிச் செல்கிறது.

காத்தல் என்பது இரும்பைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பதோடு முடிவதில்லை. அதனை ஓட்டியவர், துடைத்தவர், அதற்கு நிலக்கரி வெட்டியவர், அதில் ஏறிச் சென்று திரும்பாதவர் ஆகிய அனைவரையும் நினைவில் வைத்தலும் அதில் அடங்கும். ஆர்வலர் தொகுத்த எண்களும் படங்களும் இல்லையேல், எந்த எந்திரம் எங்கு ஓடியது என்பதை நாம் அறியோம். தொழிலாளரின் பாடல்களும் நினைவுகளும் இல்லையேல், அது யாருக்காக, யாரைச் சுமந்து ஓடியது என்பதை அறியோம்.

குன்றின்மேல் நின்றவர் கண்டது வானில் எழுந்த வெண்புகையை. வண்டிச் சாளரத்தின் அருகே அமர்ந்திருந்தவர் கண்டது பின்னோக்கி ஓடி மறைந்த தம் ஊரை. இருவரும் கண்டது ஒரே வண்டியைத்தான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழக்கொழிந்த ஊர்தி அல்லது கருவி ஒன்றைப் பற்றி, அதனை இயக்கியவர் ஒருவரிடமும் பயன்படுத்தியவர் ஒருவரிடமும் உரையாடி, இருவர் நினைவுகளும் எவ்வாறு வேறுபடுகின்றன எனக் கட்டுரை எழுதுக.

2. நீராவி எந்திரம், காரட் எந்திரம், ஆவியை மீண்டும் நீராக்கும் எந்திரம் ஆகிய மூன்றின் இயக்கத்தையும் படங்கள் வரைந்து வகுப்பில் விளக்குக.

3. ‘பழைய எந்திரங்களைக் காப்பதற்குச் செலவிடும் பொருள் பயனுள்ளதே’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.